மேற்கே போன வண்டிகள்

மதுரையிலிருந்து கம்பம் சுமார் 115 கிலோமீட்டர். ஆரப்பாளையத்தில் பேருந்து ஏறினால் மூன்றரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம். சட்டி பானை, திருகை, விதைக் கலயம், கைப்பிள்ளை, பெட்டைக்கோழி என்று ஒரு குடும்பத்தின் மொத்தப் பிழைப்பையும் ஏற்றிய மாட்டு வண்டிக்கு இதே தூரம் நாலைந்து ராத்திரிப் பயணம். மதுரைக்கு மேற்கே கிடக்கும் மானாவாரிச் சீமையை விட்டு, கம்பம் பள்ளத்தாக்குக்கு நிலம் தேடிப் போன குடும்பங்கள் ஏராளம். அவர்கள் போன தடத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு மாசி மாதக் காலையில் புறப்பட்டேன்.

போனவர்களில் பல சாதியாரும் உண்டு. பெருந்தொகையாகப் போனவர்கள் உசிலம்பட்டி, செக்கானூரணி வட்டாரத்துப் பிரமலைக் கள்ளர்கள். வறண்ட சமவெளியிலிருந்து வந்து கம்பம் பள்ளத்தாக்கில் உழவர்களாக வேரூன்றிய இந்த மக்களைப் பற்றி மானிடவியலாளர் ஆனந்த் பாண்டியன் 2009-இல் ஆங்கிலத்தில் ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். பெரியாறு அணை கட்டுவதற்கு வெகுகாலம் முன்பே இந்தக் குடிபெயர்வு தொடங்கிவிட்டது. அணை வந்த பிறகு பள்ளத்தாக்கில் உழவுக்கு ஆள் தேவை கூடியது, வண்டிகளும் கூடின.

காளவாசலைத் தாண்டினால் நகரம் மெல்ல விலகி, வலப்பக்கம் நாகமலை கூடவே வரத் தொடங்குகிறது. நாகமலைப் புதுக்கோட்டை, காமராசர் பல்கலைக்கழகம் என்று பேருந்து போகப் போக, மலையும் விடாமல் தொடர்கிறது. இந்த நீளமான பாறை முதுகுதான் இந்தக் கதையின் முதல் காரணம். மலைக்கு அந்தப் பக்கம் வைகை. சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்கால், தென்னந்தோப்பு, நெல் வயல். இந்தப் பக்கம், திருமங்கலம் கால்வாய் எட்டிய ஊர்களை விட்டுவிட்டால், வானம் பார்த்த பூமி. கம்பு, சோளம், குதிரைவாலி, மொச்சை, பருத்தி என்று மழையை நம்பி விதைக்கிற புஞ்சை. வைகை மேற்கிலிருந்து இறங்கி வரும்போதே உசிலம்பட்டி மேட்டைத் தொடாமல் வடக்கே வளைந்து, சுற்றிக்கொண்டு மதுரைக்கு வருகிறது. ஆற்றுக்கு இவ்வளவு அருகில் இருந்தும் ஆற்றுத் தண்ணீர் இல்லாத ஊர்கள் இவை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சம் மதுரைச் சீமையையும் விடவில்லை. பஞ்சம் என்ற சொல்லைக் கேட்டால் இங்குள்ள பெரியவர்கள் இன்னமும் தாது வருஷத்திலிருந்துதான் பேச்சைத் தொடங்குகிறார்கள்.

செக்கானூரணியில் இறங்கி ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் இளவயதில் பார வண்டி ஓட்டியவர். பழைய வண்டிப் பயணத்தைப் பற்றிக் கேட்டதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“குடும்பத்தை ஏத்துறதுன்னா சும்மா இல்ல தம்பி. பாரம் பார்த்து வைக்கணும். முன்பாரமானா மாட்டுக் கழுத்து போச்சு. பின்பாரமானா நுகத்தடி மேல தூக்கி, கழுத்துக் கயிறு இறுக்கிப்பிடும்” என்றார்.

அம்மி, குந்தாணி, திருகை போன்ற கனமான சாமான்களை இருசுக்கு நேர் மேலே ஏற்றுவார்களாம். அதை அணைத்தாற்போல் தானிய மூட்டைகள். அதன்மேல் வைக்கோல் பரப்பினால் பொம்பளைகளுக்கும் பிள்ளைகளுக்கும் அதுவே படுக்கை; போகிற வழியில் மாட்டுக்குத் தீவனமும் அதிலிருந்துதான். மூங்கிலை வளைத்துப் பாய் போர்த்திய கூண்டு வெயிலுக்கும் மழைக்கும். பஞ்சாரத்தில் கோழிகள் பின்னால் தொங்கும். கறவை மாடு வண்டிக் கட்டையில் கட்டப்பட்டுக் கூடவே நடக்கும். வண்டிக்கு அடியில் லாந்தர் ஒன்று; அதன் பக்கத்தில் வண்டி மை அடைத்த மூங்கில் குழாய். வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்தால் வண்டி மை. அவிழ்த்துப் போடுகிற இடத்திலெல்லாம் கடையாணியைக் கழற்றி, சக்கரத்தை இழுத்து, இருசில் இந்த மையைத் தடவி மாட்டுவார்கள். தடவ மறந்தால் சக்கரம் அழும்; இருசும் குடமும் தேய்ந்து, நடுவழியில் ஆசாரியைத் தேட வேண்டி வரும்.

“பொழுது சாயப் பூட்டினா, விடிய அவிழ்ப்பாக. வெயில்ல பாரம் இழுத்தா மாடு நுரை தள்ளிப்போகும்” என்றார் பெரியவர். பகலில் ஊருணிக் கரை, புளிய மரத்து நிழல், சாவடித் திண்ணை. கட்டுச்சோறு இரண்டு நாளைக்கு வரும். பிறகு மூன்று கல் கூட்டிக் கேப்பைக் களியோ கம்மங்கஞ்சியோ காய்ச்ச வேண்டியதுதான். விதைக் கலயத்தை மட்டும் தொடமாட்டார்கள். சாம்பலில் புரட்டி, வேப்பிலை போட்டு, வாயைத் துணியால் கட்டிய அந்தக் கலயம் வீட்டுக்காரியின் மடியிலேயே இருக்கும். பிள்ளை பசியில் அழுதாலும் விதையைக் குத்திக் கஞ்சி காய்ச்சக் கூடாது என்பது கட்டு.

செக்கானூரணியை அடுத்தது கருமாத்தூர். பெயர்பெற்ற குலதெய்வக் கோயில்கள் உள்ள ஊர். வண்டி கட்டுவதற்கு முந்தைய நாள் குடும்பத்தோடு குலசாமி கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைப்பதும், சாமியிடம் உத்தரவு கேட்பதும், சந்நிதியிலிருந்து ஒரு பிடி மண் அள்ளித் துணியில் முடிந்துகொள்வதும் தென்பாண்டிச் சீமையெங்கும் உள்ள வழக்கம். அதற்குப் பிடிமண் என்று பெயர். போய்ச் சேர்ந்த இடத்தில் அந்த மண்ணை வைத்துப் பீடம் எழுப்பினால் சாமியும் குடிவந்துவிட்டது என்று பொருள். ஊரை விட்டுப் போகிறவர்கள் சொத்து என்று எதை எடுத்தார்களோ இல்லையோ, இந்த மண்ணை எடுக்காமல் போனதில்லை.

உசிலம்பட்டியில் சந்தைக் கூட்டம், பேருந்து நெரிசல். சாமான் குறைந்திருந்தால் வாங்கிக்கொள்ளவும், லாடம் அடிக்கவும் வண்டிக்காரர்களுக்கு வாய்ப்பான இடம் இது. ஆனால் ஒரு முப்பது வருஷ காலம் இந்தப் பக்கத்துப் பிரமலைக் கள்ளர் ஆண்களுக்கு வண்டி கட்டிக்கொண்டு ராத்திரியில் ஊர் தாண்டுவது ஆபத்தான காரியமாக இருந்தது. காரணம் குற்றப் பரம்பரைச் சட்டம். ஒரு சமூகத்தில் பிறந்த குற்றத்துக்காகக் கைரேகை பதிய வைத்து, ராத்திரியில் கண்காணிப்பில் படுக்க வைத்து, வெளியூர் போக அனுமதிச் சீட்டு வாங்கச் சொன்ன சட்டம் அது. நிலம் தேடிப் போகிற குடும்பத்தலைவன் கையில் சீட்டு இல்லாவிட்டால் அவன் குற்றவாளி. உழப் போகிறேன், விதை வைத்திருக்கிறேன், பிள்ளை குட்டியோடு போகிறேன் என்று சொல்வதற்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை.

இந்தக் கொடுமையை எதிர்த்து உசிலம்பட்டி வட்டாரத்தின் பெருங்காமநல்லூர் மக்கள் கைரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-இல்தான் ஒழிந்தது. அந்த முப்பது வருஷத்தில் இந்தச் சாலையில் போன வண்டிகளின் கதையில் இந்தச் சீட்டும் சேர்ந்திருக்கிறது. மழை பொய்த்தது ஒரு காரணம் என்றால், மானத்தோடு பிழைக்க வேண்டியது இன்னொரு காரணம்.

உசிலம்பட்டியைத் தாண்டியதும் தரை மேடேறுகிறது. எதிரே மலைகள் இரண்டு பக்கமும் நெருங்கி வர, நடுவே ஆண்டிபட்டிக் கணவாய். பேருந்து கியரை மாற்றி உறுமிக்கொண்டு சில நிமிடத்தில் ஏறிவிட்டது. பாரம் ஏற்றிய வண்டிக்கு இந்தப் பயணத்திலேயே கடினமான இடம் இதுதான். ஒற்றை வண்டியாகக் கணவாய் ஏறமாட்டார்கள். நாலைந்து வண்டிகள் சேரும்வரை அடிவாரத்தில் காத்திருப்பார்கள். பிறகு ஒரு வண்டியின் மாடுகளை அவிழ்த்து, முன்வண்டியில் கூடுதலாகப் பூட்டி ஏற்றுவார்கள். ஆண்கள் பின்னாலிருந்து தோள் கொடுக்க, பொம்பளைகள் கையில் கல்லோடு சக்கரத்தை ஒட்டி நடப்பார்கள். மாடு மூச்சு வாங்க நின்றதும் சக்கரத்துக்குப் பின்னால் கல்லைப் போட்டு அண்டை கொடுக்க வேண்டும். இப்படி ஒவ்வொரு வண்டியாக ஏற்றி முடிக்க ஒரு ராத்திரி போய்விடும். முன்பின் தெரியாத குடும்பங்கள் கணவாயில் பழகி, பிறகு பள்ளத்தாக்கில் சம்பந்தம் செய்துகொண்ட கதைகளும் உண்டு.

கணவாயின் உச்சியைத் தாண்டியதும் மேற்கே மலைத்தொடர் நீலமாகத் தெரிகிறது. அந்த மலைக்கு அடியில்தான் வண்டிகள் போய்ச் சேர வேண்டிய இடம்.

ஆண்டிபட்டியைக் கடக்கும்போது எதிர்ச்சாரியில் வேன்களும் டிராக்டர்களும் சரக்கு ஆட்டோக்களும் சாரை சாரையாக வந்துகொண்டிருந்தன. உள்ளே குடும்பம் குடும்பமாகச் சனம். பொங்கல் பானை, விறகு, ஆட்டுக்கிடாய். மகா சிவராத்திரிக்கு இன்னும் சில நாள்தான். கம்பம், கூடலூர், சின்னமனூர் பக்கம் குடியேறியவர்களின் பேரன் பேத்திகள் குலசாமி கும்பிடக் கிழக்கே வருகிறார்கள். பாப்பாபட்டி ஒச்சாண்டம்மன் கோயிலுக்குச் சாமிப் பெட்டிகள் ஊர்வலமாகப் போகும் அந்த நாளில் உசிலம்பட்டிச் சீமையே திரும்பி வந்தவர்களால் நிரம்பிவிடும். பாட்டன் வண்டி கட்டிப் போன சாலையில் பேரன் வண்டி கட்டித் திரும்புகிறான்.

உலகத்தில் குடியேறிகளின் வண்டிப் பயணம் என்றதும் அமெரிக்காவின் ஓரிகான் பாதையைத்தான் சொல்வார்கள். 1840-களிலிருந்து எருது பூட்டிய வண்டிகளில் 2,000 மைல், நாலைந்து மாதம் போனார்கள். பெரும்பாலானோர் பிறந்த ஊரை மறுபடி பார்க்கவே இல்லை. நம்முடைய பயணம் தூரத்தில் சிறியது. ஆனால் இங்கே போனவர்கள் அறுத்துக்கொண்டு போகவில்லை. கல்யாணம், காதுகுத்து, சாவு, சாமி என்று தலைமுறை தாண்டியும் இந்தச் சாலையில் போக்குவரத்து நிற்கவே இல்லை.

தேனியில் ரயில் நிற்பதைப் பார்த்தேன். மதுரை–போடி ரயில் பாதை 1928-இல் வந்தது. அதன்பிறகு ஆட்கள் ரயிலில் போக முடிந்தாலும், சாமானும் மாடும் வண்டியில்தான் போயின. அகலப் பாதைக்காக 2010-இன் இறுதியில் நிறுத்தப்பட்ட ரயில், 2022-இல் தேனிக்கும் 2023-இல் போடிக்கும் மறுபடி வந்தது.

தேனிக்குத் தெற்கே வீரபாண்டியில் முல்லைப் பெரியாற்றின் கரையில் இறங்கினேன். கௌமாரியம்மன் கோயிலுக்கு எதிரே ஆறு ஓடுகிறது. மாசி மாத வெயிலிலும் ஓடுகிற தண்ணீர்! உசிலம்பட்டி மேட்டிலிருந்து வந்த குடும்பத்துக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தபடி காலை நனைத்துக்கொண்டு நின்றேன். மாட்டை அவிழ்த்து ஆற்றில் இறக்கி, வைக்கோல் பிரியால் தேய்த்துக் குளிப்பாட்டி, பிள்ளைகளை முங்க வைத்து, சாமி கும்பிட்டு, அதன்பிறகுதான் கடைசிக்கட்டப் பயணத்துக்கு வண்டி பூட்டியிருப்பார்கள்.

இந்தத் தண்ணீருக்கும் ஒரு நெடும்பயணம் உண்டு. மேற்கே கேரளத்துப் பக்கம் ஓடி அரபிக்கடலில் கலக்கிற பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்ற எண்ணம் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ராமநாதபுரம் சமஸ்தானத்தின் பிரதானி முத்திருளப்பப் பிள்ளைக்கு வந்தது. ஆளனுப்பி மலையைப் பார்க்கவும் செய்தார். பணம் இல்லாமல் அது நின்றுபோனது. பிறகு 1886-இல் ஆங்கிலேய அரசு திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் போட்டது. அடுத்த ஆண்டு வேலை தொடங்கி, பொறியாளர் பென்னிகுயிக்கின் பொறுப்பில் காட்டு வெள்ளத்தோடும் மலைக்காய்ச்சலோடும் போராடி அணையைக் கட்டினார்கள். 1895 அக்டோபர் 10-இல் மாகாண ஆளுநர் வென்லாக் அதைத் திறந்தார். மலையைக் குடைந்த சுரங்கம் வழியே தண்ணீர் கிழக்கே விழுந்து, வைகையோடு சேர்ந்து, பேரணையில் கால்வாய் பிரிந்து மேலூர் வரை போனது. இன்றைக்குக் கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம் இந்தத் தண்ணீரில் விளைகிறது.

சின்னமனூர், உத்தமபாளையம் தாண்டினால் சாலையின் இருபுறமும் நெல், வாழை, தென்னை, திராட்சைப் பந்தல். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கம்பத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டியைச் சந்தித்தேன். அவருடைய மாமனார் ஏழு வயதுப் பிள்ளையாக வண்டியில் வந்தவர்.

“உங்க வண்டி எங்க இருந்து வந்துச்சு அப்பத்தா?” என்று கேட்டேன்.

“செக்கானூரணிக்கு மேக்க இருந்துய்யா. ரெண்டு வண்டி. ஒண்ணுல சனம், ஒண்ணுல சாமான். கணவாய்ல ஒரு மாடு முட்டி போட்டுப் படுத்துருச்சாம். எங்க மாமனாரோட அப்பா, அதான் சீயான், நுகத்தைத் தன் தோள்ல வாங்கி இழுத்தாராம். சாகுற வரைக்கும் அந்தத் தழும்பு தோள்ல இருந்துச்சுன்னு சொல்லுவாக.”

“வந்ததும் நெலம் கெடைச்சுச்சா?”

“எங்கிட்டுய்யா? மொதல்ல வாரத்துக்குத்தான் உழுதாக. விளைஞ்சதுல பாதி நெலத்துக்காரருக்கு. கரை மேல குடிசை. கொசுக்கடி, காய்ச்சல். ரெண்டு பிள்ளையக் காய்ச்சல்ல குடுத்தாக. இருந்தும் திரும்பிப் போகல. கெணத்துல தண்ணி கெடக்குறத விட்டுட்டு எங்க போக?”

வயல் ஓரத்தில் வேப்ப மரத்தடிக்கு என்னைக் கூட்டிப் போனார். முழங்கால் உயரத்துக்கு ஒரு செங்கல் பீடம், சுண்ணாம்பு அடித்துக் காவிப் பட்டை போட்டது. மேலே மூன்று கல். கல்லின்மேல் எண்ணெய் ஏறிக் கறுத்திருந்தது. பீடத்தின் முன்பக்கம் உள்ளங்கை அளவுக்குப் பூசாமல் விட்ட ஓர் இடம். உள்ளே தெரிந்தது செம்மண். சுற்றியுள்ள வயலெல்லாம் கரிய வண்டல். “அது அங்கிட்டு மண்ணுய்யா. பீடத்த எத்தனையோ தடவ எடுத்துக் கட்டியாச்சு. அந்த மண்ண மட்டும் அசைக்கல” என்றார். பீடம் இங்கே இருந்தும் மாசியில் ஏன் அங்கே போகிறீர்கள் என்று கேட்டதற்கு, “பெத்த வீடு இருக்கையில போகாம இருக்கலாமா?” என்று கேட்டார்.

இவர்கள் வந்தபோது பள்ளத்தாக்கு வெற்றிடமாக இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மலையில் பளியர்கள் ஆதி முதல் வாழ்கிறார்கள். கம்பத்தில் கன்னடம் பேசும் காப்பிலியக் கவுண்டர்கள் கள்ளர்களுக்கும் முன்னால் மாடுகளோடு வந்து குடியேறியவர்கள். அவர்களுடைய தம்பிரான் மாட்டுத் தொழு இன்றும் மாட்டுப் பொங்கலன்று சனத்தால் நிரம்பி வழிகிறது. பள்ளத்தாக்கில் உழுகிற பலருடைய வீட்டிலும் யாரோ ஒரு முன்னோர் எங்கிருந்தோ மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தவர்தான். நிலத் தகராறும் சாதிச் சண்டையும் இல்லாமல் இருந்ததில்லை. தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய கட்டாயம் எல்லாரையும் ஒரே வாய்க்கால் கரைக்குக் கொண்டுவந்தது.

லோயர் கேம்பில் மலைச்சரிவில் இறங்கும் ராட்சதக் குழாய்களையும், கீழே மின் நிலையத்தையும், 2013-இல் திறந்த பென்னிகுயிக் மணிமண்டபத்தையும் பார்த்தேன். அவருடைய பிறந்த நாளான ஜனவரி 15-இல் இந்தப் பக்கத்து மக்கள் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். நன்றி மறவாத சனம். ஆனால் அந்தத் தண்ணீரை நெல்லாக மாற்றிய கைகளுக்கு, கணவாயில் நுகத்தைத் தோளில் வாங்கிய சீயானுக்கு, மடியில் விதைக் கலயத்தோடு வந்த பெண்ணுக்கு எங்கும் ஒரு கல் இல்லை. அணை கட்டியவர்களின் வரலாற்றோடு அதில் உழுதவர்களின் வரலாறும் ஊர் ஊராக எழுதப்பட வேண்டும். வண்டியில் வந்த பிள்ளைகளைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுத வேண்டும்.

திரும்பும்போது உசிலம்பட்டிப் பக்கத்தில் 58 கிராமக் கால்வாயைப் பார்க்கப் போனேன். வைகை அணையிலிருந்து புறப்பட்டு, பள்ளமான இடங்களைத் தொட்டிப் பாலத்தில் தாண்டி, இந்த மேட்டு ஊர்களின் கண்மாய்களுக்குத் தண்ணீர் தருவதற்காகப் பல பத்தாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு வெட்டப்பட்ட கால்வாய். 2018-இல் சோதனை ஓட்டமாகத் தண்ணீர் வந்தபோது ஊர் ஊராகப் பூத்தூவிக் குலவையிட்டு வரவேற்றார்கள். நான் போன நாளில் கால்வாய் காய்ந்து கிடந்தது. வைகை அணையின் மட்டம் முழு அளவான 71 அடியை நெருங்கினால்தான் இதில் தண்ணீர் ஏறும். அப்போதும் விவசாயிகள் கேட்டு, மனுக் கொடுத்து, மறியல் செய்துதான் மதகைத் திறக்க வைக்க வேண்டியிருக்கிறது.

தண்ணீர் இருந்த இடத்துக்கு ஒரு காலத்தில் சனம் வண்டி கட்டிப் போனது. இனியும் போவதற்குப் பள்ளத்தாக்கில் இடம் இல்லை. இந்த ஊர்ப் பிள்ளைகள் இப்போது திருப்பூருக்கும் சென்னைக்கும் பஸ் ஏறுகிறார்கள். வண்டிக் காலத்திலிருந்து இன்றுவரை உசிலம்பட்டிச் சீமையைக் காலி செய்துகொண்டிருக்கும் பெரிய காரணம் தண்ணீர் இல்லாததுதான். 58 கிராமக் கால்வாய்க்கு ஆண்டுதோறும் உரிய பங்குத் தண்ணீர் உண்டு என்பதை நிரந்தர அரசாணையாக்க வேண்டும். போனவர்கள் உழைத்துப் பிழைத்துவிட்டார்கள். போகாமல் மண்ணைக் கட்டிக்கொண்டு கிடப்பவர்களிடம் தண்ணீர் வந்து சேரட்டும்.